பெட்டிக்குள் போகும் தண்ணீர்

மாற்றலாகி இரண்டு வருஷம் வெளிநாடு போகிறவர்கள், பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், அம்மா அப்பா காலமான பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் என்று சென்னையில் பலரும் இப்போது வீட்டுச் சாமான்களைக் கட்டி வாடகைக் குடோனில் வைக்கிறார்கள். வழியில் எதுவும் உடையக்கூடாதே என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. ஆனால் லாரிப் பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாமான்கள் பூட்டிய அறையில் இரண்டு மழைக்காலம் கிடக்கப் போகின்றன. சேதத்தில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது, அதைச் செய்வது தண்ணீர். கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், தடுத்துவிடலாம். துணியோடும் மரத்தோடும் புத்தகத்தோடும் சேர்த்து நாமே கட்டிக்கொண்டு போய் உள்ளே வைக்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயரம் உள்ள ஓர் அறையில் ஏறக்குறைய 22 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அறையின் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் அரை லிட்டர்தான். இப்போது சாமான்களைப் பாருங்கள். அதே ஈரப்பதத்தில் நெடுநாள் இருந்த மரம் தன் எடையில் 13 சதவீதம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காகிதமும் பருத்தித் துணியும் 9 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் சேர்ந்து 250 கிலோ, புத்தகம் 100 கிலோ, துணிமணியும் மெத்தையும் திரைச்சீலையும் 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நாற்பது லிட்டருக்கு மேல் வருகிறது. தொட்டுப் பார்த்தால் எல்லாமே காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் இரண்டு பெரிய தண்ணீர் கேன்களை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

காற்றில் அரை லிட்டர், பொருட்களில் நாற்பது லிட்டர். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பூட்டிய அறையில் காற்றின் ஈரப்பதத்தைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் பொருட்கள்தான். ஈரமாக இருக்கும் நாளில் கட்டிய மூட்டை, வெளியே வெயில் கொளுத்தினாலும் தன்னைச் சுற்றி ஒரு மழைக்காலத்தையே வைத்துக்கொண்டிருக்கும். நன்றாகக் காய வைத்துக் கட்டிய மூட்டை, வெளியே ஐப்பசி அடைமழை பெய்தாலும் பல வாரம் அசராமல் இருக்கும். டெல்டா விவசாயிகள் இதைக் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள். களத்தில் நெல்லைக் கிளறிக் கிளறிக் காய வைத்து, ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்து, அது நறுக்கென்று உடைந்தால்தான் குதிருக்குள் கொட்டுவார்கள். நெல்லைச் சேமிக்க ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இன்று கருவி வைத்து அளக்கிறோம். பட்டுப்புடவைக்கும் தேக்குக் கட்டிலுக்கும் விதி இதேதான். மூடுவதற்கு முன்னால் காய வேண்டும்.

அதனால் முதல் கேள்வி, எந்த நாளில் கட்டுவது? சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கட்டாமல் இருந்தால் நல்லது. தள்ளிப்போட முடிந்தால் வைகாசி, ஆனியில் மேல்காற்று அடிக்கும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தின் மேல் நெடுந்தூரம் வந்து வறண்டுபோன அந்தக் காற்று வீசும்போது முற்பகலில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இறங்குவதுண்டு. மதியத்தில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் அது மளமளவென்று ஏறிவிடும். ஒரு நாளுக்குள்ளேயே பார்த்தால் விடியற்காலைதான் மிக ஈரமான நேரம். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைத்து அதிகாலையில் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து மூடுகிறோம். நாளைத் தேர்ந்தெடுக்க வழியில்லையா? ஏசி ஓடும் அறை ஒன்று போதும். துணிகளையும் காலி அட்டைப் பெட்டிகளையும் இரண்டு நாள் அங்கே பரப்பி வைத்து, அங்கேயே கட்டி, அங்கேயே டேப் ஒட்டலாம். புத்தகங்களை அடுக்காகக் குவிக்காமல் இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். குவியலின் நடுவில் இருக்கும் தாள் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை விரட்ட முடியாது, பட்டினி போடலாம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சைகள் வளர்வதில்லை. 75-ஐத் தாண்டினால் சில வாரங்களிலும், 90-ஐ நெருங்கினால் சில நாட்களிலும் முளைத்துவிடும். இந்த 75 என்ற எண் இன்னொரு விதத்திலும் முக்கியம். சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு, காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்குவது இந்த அளவில்தான். கல்லுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், அதனால்தான் மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசக்கிறது. கடற்கரையை ஒட்டிய வீட்டில் பீரோவின் மேல் படிந்திருக்கும் புழுதியில் இதே உப்பு இருக்கிறது. குடோனில் ஈரப்பதம் ஏறும் ஒவ்வோர் இரவும் அந்த உப்பு, இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறும். துரு பிடிப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பீரோவையும் இரும்புக் கட்டிலையும் கட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, கீல்களிலும் பெயின்ட் உரிந்த இடங்களிலும் தையல் மெஷின் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகச் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும்.

அடுத்து, இன்று எல்லோரும் கேட்டு வாங்குகிற பிளாஸ்டிக் சுற்று. பேக்கர்ஸ் ஆட்கள் சோபாவையும் மெத்தையையும் ஸ்ட்ரெச் ஃபிலிமால் பளபளவென்று சுற்றித் தருகிறார்கள், பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கிறது. லாரியில் தூசியும் தூறலும் படாமல் காப்பதற்கு அது சரி. அதே சுற்றோடு இரண்டு வருஷம் விடுவது பெரிய கெடுதல். தகரக் கூரை போட்ட குடோன் பகலில் சூடேறும்போது மெத்தையும் மரமும் ஈரத்தை வெளியே விடுகின்றன. அது போவதற்கு இடமில்லாமல் பிளாஸ்டிக்குக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் தங்குகிறது. இரவில் முதலில் குளிர்வது மேலே இருக்கும் அந்த மெல்லிய உறைதான். 30 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள காற்று 25 டிகிரிக்கு இறங்கினாலே அதிலுள்ள நீராவி துளியாகப் படியும். உறையின் உட்பக்கத்தில் வியர்வை போலத் துளி கோத்து, கனத்து, உறை பொருளோடு ஒட்டும் இடத்தில் இறங்குகிறது. பூஞ்சையின் சாம்பல்நிறப் புள்ளிகள் சரியாக அந்த இடங்களிலேயே வருவதற்கு இதுதான் காரணம். குடோனுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபிலிமைக் கிழித்தெறிந்துவிட்டுப் பழைய பருத்திப் போர்வையையோ வேட்டியையோ போர்த்திவிடுங்கள். தூசி நிற்கும், நீராவி வெளியேறும். எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி, பீங்கான் போன்றவை தங்களுக்குள் ஈரம் வைத்திருப்பதில்லை. அவற்றை மட்டும் பிளாஸ்டிக்கில் தாராளமாக வைக்கலாம்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்த முறையை இந்தக் கண்ணோடு பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சுவடியின் மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கிக் கட்டுவதால் ஓலை சுருளாது, ஏடுகளுக்கு நடுவே காற்றும் பூச்சியும் போக இடம் குறையும். அதற்கு மேல் துணியைச் சுற்றுகிறார்கள். பக்கத்திலேயே வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிமுடிச்சாக வைக்கிறார்கள். வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருள் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்கக்கூடியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இறுக்கம், மூச்சு விடும் உறை, மெல்ல ஆவியாகும் மருந்து என்ற மூன்றையும் ஒருசேரப் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் தாத்தா காலத்துச் சுவடியோ பழைய பத்திரமோ இருந்தால் அவர்கள் செய்தபடியே செய்யுங்கள். முடிந்தால் அவற்றைக் குடோனுக்கே அனுப்பாதீர்கள்.

கைப்பைப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துத் துணிப்பெட்டியில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது எவ்வளவு உதவும்? மழைக்காலத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் கட்டிய பத்துக் கிலோ பருத்தித் துணியில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தப் பெட்டியை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர 300 கிராமுக்கு மேல் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். அந்த ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடித்து வைக்கும். ஆக, ஒரு கிலோவுக்கு மேல் ஜெல் வேண்டும். ஐந்து கிராம் பொட்டலம் என்றால் இருநூறு! கேமரா லென்ஸ் வைக்கும் சின்ன டப்பாவில், மூடி இறுக்கமாக இருந்தால், ஜெல் அருமையாக வேலை செய்யும். துணிப்பெட்டிக்கு அது மருந்தாகாது. அந்த வேலையை ஒரு நாள் வெயில் செலவில்லாமல் செய்துவிடும்.

இனி, அட்டைப் பெட்டி. ஒரு பெட்டியின் ஓரத்தைக் கூர்மையான பிளேடால் வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே மூன்றாவது தாள் அலை அலையாக ஓடும். ஒவ்வோர் அலையும் ஒரு சிறு வளைவு, அதன் முகடு மட்டும் பசையால் ஒட்டியிருக்கும். பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அந்த அலைகள் நூற்றுக்கணக்கான நுண்ணிய தூண்களாக நிற்கும். படுக்கப் போட்டால் அதே தூண்கள் சாய்ந்துவிடும், பலமும் போய்விடும். அதனால் பெட்டியின் மேல் அச்சிட்ட அம்புக்குறியை மதியுங்கள். 1856-ல் இங்கிலாந்தில் இந்த நெளிதாளுக்கு முதலில் காப்புரிமை வாங்கியது உயரமான தொப்பிகளுக்குள் வியர்வைப் பட்டையாக வைப்பதற்கு. 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். 1874-ல் ஆலிவர் லாங் இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார். நாம் இன்று கையாளும் அட்டை அப்படி உருவானதுதான்.

பெட்டி தாங்கும் எடையில் பெரும்பங்கு நான்கு மூலைகள் வழியாகத்தான் இறங்குகிறது. பக்கச் சுவரின் நடுப்பகுதி அழுத்தம் வந்தால் பிதுங்கிவிடும். எனவே மூலைக்கு நேர் மேலே மூலை வரும்படி அடுக்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சரியாமல் நிற்கும், ஆனால் பெட்டியின் தாங்குதிறனில் பாதியை இழப்போம். இன்னும் இரண்டு இழப்புகள் உண்டு. ஈரப்பதம் 50-லிருந்து 90-க்கு ஏறினால் அட்டையின் பலம் சுமார் பாதியாகும். பாரத்தை மாதக்கணக்கில் சுமந்து நின்றாலும் தாளின் இழைகள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், அதிலும் ஏறக்குறையப் பாதி போகும். பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒரு பங்கு! கட்டிய அன்று மேலே ஓர் ஆள் ஏறி நின்றாலும் அசையாத பெட்டி, அடுத்த தை மாதம் மேலே இருக்கும் மூன்று பெட்டிகளுக்கே மடங்கி உட்கார்ந்துவிடும் காரணம் இதுதான். பெட்டிக்குள் காலி இடம் விடாதீர்கள். உள்ளே இருக்கும் பொருள் மூடி வரை நிறைந்திருந்தால் பாரத்தை அதுவும் பகிர்ந்துகொள்ளும்.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டிதான். ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி பெட்டியில் புத்தகம் அடுக்கினால் 20 கிலோவை ஒட்டி வரும், ஒருவர் தூக்கலாம். பக்கத்தை ஒன்றரை அடியாக்கினால் கொள்ளளவு மூன்று மடங்கைத் தாண்டும், எடை 65 கிலோவுக்கு மேல் போகும். அடிப்பரப்போ இரண்டே கால் மடங்குதான் கூடியிருக்கும். எடை கூடும் வேகத்துக்குப் பரப்பு கூடாது என்பதை 1638-ல் வெளிவந்த தன் நூலில் கலீலியோ விளக்கினார். அடிப்பக்க டேப் பிரிந்து புத்தகங்கள் மாடிப்படியில் கொட்டுவதும் அந்தக் கணக்கின்படிதான்.

பழைய பெட்டிகளை மளிகைக்கடையில் கேட்டு வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெளிதாளை ஒட்டும் பசை மாவுச்சத்தால் ஆனது. கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. மளிகைப் பெட்டியின் மடிப்பு இடுக்குகளில் கரப்பானின் முட்டைக்கூடு பழுப்பு நிற அவரை விதைபோல ஒட்டிக்கொண்டு வரும், ஒரு கூட்டுக்குள் பத்துக்கு மேல் குஞ்சுகள். பணம் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்குங்கள்.

உடையும் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் தட்டு, ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிற்க நேர்ந்தால் தன் எடையைப்போல ஆயிரம் மடங்கு விசையை வாங்கும். அடியில் நசுங்கக்கூடிய மெத்தென்ற இடம் இருந்து, நிற்பதற்கு இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தால் அது ஐம்பது மடங்காகக் குறையும். கசக்கிய காகிதமும் பபிள் ராப்பும் செய்வதெல்லாம் அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கொடுப்பதுதான். பீங்கான் தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். படுக்கையாக வைத்த தட்டு நடுவில் வளைந்து விரிசல் விடும், நிமிர்ந்த தட்டு அவ்வளவு எளிதில் வளையாது.

ஃபிரிட்ஜில் கவனிக்க வேண்டிய இடம் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. அதன் மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள், வெளியே பளிச்சென்று துடைத்த ஃபிரிட்ஜிலும் உள்ளே ஒரு கோடாக ஈரமும் மாவுப்பிசுக்கும் கறுத்துக் கிடக்கும். இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்தி, பனியை உருகவிட்டு, பின்பக்கத் தட்டில் சேர்ந்த தண்ணீரையும் கொட்டி, மடிப்புகளைத் துணிமுனையால் துடைத்து, கதவு முழுவதும் மூடாதபடி நடுவே துணிச்சுருள் வைத்துக் கட்டுங்கள். வாஷிங் மெஷினில் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ரிமோட், கடிகாரம், பொம்மை எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்துவிடுங்கள். இன்வர்ட்டர் பேட்டரியைச் சும்மா வைத்தால் தானாகவே சார்ஜ் இறங்கி, ஈயத்தகட்டில் சல்ஃபேட் படிந்து பாழாகும். யாருக்காவது கொடுத்துவிடுவதே மேல்.

பட்டுப்புடவையில் இருக்கும் அசல் சரிகை, வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்கு எதிரி கந்தகம். ரப்பர் பேண்டும் கம்பளியும் மெல்லக் கந்தக வாயுக்களை விடுகின்றன, வெள்ளி அதோடு சேர்ந்து கறுத்த சல்ஃபைடு ஆகிறது. புடவைக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஸ்வெட்டரோடு சேர்த்தும் வைக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கும் இது பொருந்தும். நிழலில் காற்றாட விட்டு, வெளுத்த வேட்டியில் சுற்றி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் கிடந்தால் சரிகை இழை அந்தக் கோட்டில் முறிந்துவிடும். கண்ணாடிச் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோவைச் சட்டத்திலிருந்து பிரித்து எடுங்கள். போட்டோவின் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது.

அறைக்குள் எதையும் தரையில் நேராக வைக்கக்கூடாது. சிமென்ட் தரை அடியில் இருக்கும் ஈரத்தை நுண்துளைகள் வழியாக உறிஞ்சி மேலே கொண்டுவரும். மரச்சட்டத்தின் மேலோ பிளாஸ்டிக் பேலட் மேலோ நாலு விரல் உயரத்தில் அடுக்கி, சுவரிலிருந்து கை நுழையும் இடம் விடுங்கள். கரையான் வந்தால் அந்த இடைவெளியில் மண்பாதை போட்டுத்தான் ஏற வேண்டும், டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். சுவரோடு ஒட்டி வைத்தால் அது உள்ளே புகுந்தது அலமாரி உளுத்த பிறகுதான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தள அறையை எடுக்காமல் மேல்மாடி அறைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது தகும்.

கடைசியாக, அந்துருண்டை. அதிலுள்ள நாப்தலீன் உருகாமலேயே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். ஆகவே உருண்டைகளைத் துணிக்கு அடியில் போடாமல், மெல்லிய துணியில் முடிந்து மேலே வையுங்கள். சரிகையின் மேல் நேராகப் படவிடாதீர்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறக்கும் நாளில் இன்னொரு கவனம் வேண்டும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள் காமாலையும் கடும் சோகையும் வரும். பச்சைக்குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், அந்தக் குறை இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். பத்திரமாக வைத்திருந்த பாட்டியின் பழம்புடவையில் பேரக்குழந்தைக்குத் தூளி கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த புடவையானால் பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, துவைத்து, முகர்ந்து பார்த்தால் வாடையே இல்லை என்ற பிறகுதான் தூளி கட்ட வேண்டும்.